வழுக்கையின் வரைபடம்

முடி நடுகிற சிகிச்சைக்கூடங்களில் ஒரு படம் மாட்டியிருக்கும். வரிசையாகத் தலைகள், பக்கவாட்டில் பார்த்தது ஒன்று, மேலிருந்து பார்த்தது ஒன்று. முகம் கிடையாது. முதல் தலையில் முடி முழுசாக இருக்கிறது. அடுத்ததில் நெற்றியின் இரு ஓரங்களும் லேசாக உள்வாங்குகின்றன. பிறகு உச்சியில் ஒரு வட்டம் தோன்றுகிறது. நெற்றியும் வட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகர, இடையில் பாலம் போல் கொஞ்சம் மிஞ்சி, அதுவும் போய்விடுகிறது. ஏழாவது தலையில் காதுக்கு மேலே புறப்பட்டுப் பிடரியைச் சுற்றிவரும் ஒரு லாடம் மட்டும். 1975இல் ஓ'டார் நார்வுட் என்ற அமெரிக்க டாக்டர் ஆயிரம் ஆண்களின் தலைகளைப் பார்த்துத் தயாரித்தது இது. அவருக்கு முன் 1951இல் ஜேம்ஸ் ஹாமில்டன் வகுத்திருந்ததைத் திருத்தி அமைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தவுடன் "நீங்க நாலாவது ஸ்டேஜ் சார்" என்று சொல்லப்படுவது இந்தப் படத்தை வைத்துத்தான்.

படத்தை ஒரு பிரதியாகப் படித்தால் அதில் ஒரு தந்திரம் இருப்பது தெரியும். நார்வுட் பார்த்தது வெவ்வேறு வயதில் இருந்த ஆயிரம் பேரை. ஒவ்வொருவரையும் அவரவர் இருந்த நிலையில். ஒருவனையே நாற்பது வருஷம் பின்தொடர்ந்து போகவில்லை. ஆனால் வரிசையாக அடுக்கியதும் அது ஒரே மனிதனின் சரித்திரமாகிவிடுகிறது. மூன்றாவது தலை நான்காவதை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. மூன்றாவதிலேயே நின்று, அந்தத் தலையோடு எண்பது வயதில் சுடுகாடு போகிறவர்கள் நிறையப் பேர். யார் எங்கே நிற்பார்கள் என்பதைப் படம் சொல்வதில்லை. முடி நட்டுக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்வி முழுவதும் அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. இந்தப் படம் முன்தலையில் முடி வைத்துக்கொள்ளும் சமூகத்துக்கு வரைந்தது. நம் பாட்டன்களில் பலர் முன்தலையை மழித்துப் பின்னால் குடுமி வைத்திருந்தார்கள். ஜப்பானிய ஆண்களும் நெற்றியிலிருந்து உச்சி வரை சிரைத்து, பின்முடியை மடக்கிக் கட்டியிருந்தார்கள்; 1871இல் மெய்ஜி அரசாங்கம் ஆணை போட்ட பிறகே அது போயிற்று. சீனத்தில் 1645இலிருந்து மஞ்சு அரசர்கள் கட்டாயப்படுத்திய சடையும் அதே மாதிரிதான்: முன்னால் மொட்டை, பின்னால் நீளம். 1911 புரட்சியோடு அது முடிந்தது. இந்தத் தலைகளிலெல்லாம் நார்வுட்டின் இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் கண்ணுக்குத் தென்பட வழியே இல்லை. முடி உதிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். உதிர்ந்த இடத்தை அம்பட்டனின் கத்தி முந்திக்கொண்டுவிட்டது. ராமானுஜன் 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் சென்னையில் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். குடுமி போனதைப் பற்றியே நாம் பேசியிருக்கிறோம், ஜாதி, ஆசாரம் என்ற தளத்தில். கிராப்பு வந்ததோடு நெற்றியில் ஒரு கோடு பிறந்தது, அந்தக் கோடு பின்வாங்கினால் அது நஷ்டம் என்ற உணர்வும் பிறந்தது. இதை நம் சமூக சரித்திரக்காரர்கள் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை.

மொட்டைக்கும் வழுக்கைக்கும் நாம் வைத்திருக்கும் தூரத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பழனியிலும் திருப்பதியிலும் கொடுத்துவிட்டு வருகிற மொட்டைக்கு மரியாதை உண்டு. அந்த முடி விக் செய்யக் கப்பலேறிப் போவதும் ஊரறிந்த வியாபாரம். மொட்டை நாமாகக் கொடுத்தது, அதனால் கௌரவம். வழுக்கை நம்மைக் கேட்காமல் போனது, அதனால் கேலி. குறளிலும் தலையிலிருந்து விழுந்த மயிர்தான் தாழ்ந்தவர்க்கு உவமையாகிறது. விட்டுப்போன தலையைப் பற்றி வள்ளுவருக்கு அக்கறையில்லை. (அந்தச் சொல்லையே இன்று வசையாக்கிவிட்டு, கிரீடத்துக்குள்ள சொல்லைத் தலைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். அது வேறு கட்டுரை.)

பழங்கதைகளில் அதிகம் நிற்க வேண்டாம். வழுக்கையை மறைக்க ஜூலியஸ் சீசர் பின்முடியை முன்னால் வாரிக்கொண்டதையும், செனட் கொடுத்த மரியாதைகளில் எப்போதும் லாரல் மாலை அணிந்திருக்கும் உரிமையை விசேஷமாக விரும்பியதையும் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 1550 வாக்கிலான எகிப்தியப் பாப்பிரஸ் ஒன்றில் சிங்கம், நீர்யானை, முதலை இவற்றின் கொழுப்பைத் தலையில் தேய்க்கச் சொல்லியிருக்கிறது. இவை தமாஷ். ஆனால் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ சூத்திரங்களில் ஒன்று தமாஷ் இல்லை: காயடிக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்கிறது அது. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் இதை எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். யாரும் அதைக் கேள்வியாக மாற்றவில்லை.

மாற்றியவர் ஹாமில்டன். உடற்கூற்று ஆராய்ச்சியாளர். 1942இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 104 ஆண்கள் வருகிறார்கள்: பருவமடையாமலே போனவர்கள், பருவத்துக்கு முன்னாலோ பின்னாலோ விதை எடுக்கப்பட்டவர்கள். பருவத்துக்கு முன் எடுக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. நெற்றிக்கோடு சிறுபிள்ளைகளுடையதைப் போல நேராகவே இருந்தது. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார். குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி உதிர ஆரம்பித்தது. குடும்பத்தில் அது இல்லாதவர்கள் அதே மருந்தை வாங்கிக்கொண்டும் முடியோடு இருந்தார்கள். மருந்தை நிறுத்தினால் உதிர்வது நின்றது, போனது திரும்பவில்லை. வழுக்கைக்குப் பரம்பரை வேண்டும், ஆண் ஹார்மோன் வேண்டும், வயசும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆகாது. தொப்பி போட்டால் உதிரும், தண்ணீர் சேரவில்லை, ரத்த ஓட்டம் போதவில்லை என்ற சித்தாந்தங்களெல்லாம் அந்த ஒரு கட்டுரையோடு செத்துவிட்டன. எண்ணெய் வியாபாரத்தில் மட்டும் இன்னும் உயிரோடிருக்கின்றன.

ஒரு ஆராய்ச்சியாளருக்கு 104 பேர் இப்படிக் கிடைத்தது எப்படி என்று கேட்காமல் நான் இந்த இடத்தைத் தாண்ட மாட்டேன். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், புத்தி மந்தம், பைத்தியம், குற்றவாளி என்று முத்திரை குத்தி மனிதர்களை மலடாக்குவதற்கு அமெரிக்க மாகாணங்கள் பலவற்றில் சட்டமே இருந்தது. கான்சாஸில் சட்டம் வருவதற்கு முன்பே, 1890களில், வின்ஃபீல்ட் என்ற ஊரில் மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான அரசாங்க இல்லத்தின் தலைமை டாக்டர் ஹாய்ட் பில்ச்சர் பையன்கள் பலரைக் காயடித்தார். சட்டம் 1913இல் வந்தது. ஹாமில்டன் இப்படிப்பட்ட மனிதர்களிடையே பல வருஷம் வேலை செய்தவர். 1969இல் மெஸ்ட்லர் என்பவரோடு சேர்ந்து, கான்சாஸ் இல்லத்தில் காயடிக்கப்பட்ட 297 பேரின் ஆயுளை மற்றவர்களின் ஆயுளோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார். அவர்கள் 13 வருஷத்துக்கும் மேல் அதிகமாக வாழ்ந்திருந்தார்கள். விஞ்ஞானத்துக்கு அது பெரிய தகவல். காப்பகத்துக்குள் இன்னும் பதின்மூன்று வருஷம் என்றும் அதைப் படிக்கலாம்.

ஹாமில்டன் கத்தியை எடுத்தவரில்லை. எடுத்தவர்கள் விட்டுப்போனதை அளந்தார். அளந்தது சரியாகவும் இருந்தது. இதில் தீர்ப்புச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் சுவரில் மாட்டிய படத்தில் தலைகளுக்கு முகம் இல்லாதது, இதைப் படித்த பிறகு, ஓவியனின் சௌகரியமாக மட்டும் எனக்குப் படுவதில்லை.

இதே சமயத்தில் உலகத்தின் மறுகோடியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1939இல் ஷோஜி ஒகுடா என்ற ஜப்பானிய டாக்டர், சிறு உருளை வடிவக் கத்தியால் முடியுள்ள தோலை வட்டமாக வெட்டியெடுத்து, தழும்பு விழுந்து முடி போன இடங்களில் பதித்து வளர்த்ததை எழுதினார். இருநூறு பேருக்குச் செய்திருந்தார். வட்டத்தின் குறுக்களவு இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர். 1943இல் ஹஜிமே தமுரா அதைவிட மிகச் சிறிய துண்டுகளை, ஒற்றை முடி அளவுக்கு வெட்டி நட்டார். இரண்டும் ஜப்பானிய மொழியில், ஜப்பானியப் பத்திரிகைகளில் வெளிவந்தன. யுத்தம். மேற்கில் யாரும் படிக்கவில்லை. இருநூறு முன்னூறு பிரதி அச்சடித்துவிட்டு யாராவது படிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மேற்கு தானாகக் கண்டுபிடித்தது 1952இல், நியூயார்க்கில், நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் டாக்டர் மூலம். கட்டுரை 1959இல் வந்தது. அவர் செய்த சோதனை எளிமையானது, அழகானது. பிடரியிலிருந்து முடியுள்ள தோலை எடுத்து வழுக்கையில் வைத்தார்: முடி வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. வழுக்கைத் தோலை எடுத்து முடி நடுவே வைத்தார்: அது வழுக்கையாகவே இருந்தது. அதாவது மண்ணின் கோளாறு இல்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் தன் விதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. பிடரிமுடி ஹார்மோனுக்கு மசியாத ஜாதி. நெற்றிக்குக் குடியேற்றினாலும் அது பிடரிமுடிதான். இதைக் கொடுக்கும் இடத்தின் ஆதிக்கம் என்றார் அவர். இன்றுவரை நடக்கிற அத்தனை அறுவையும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது.

ஆனால் அவர் வழியில் வந்தவர்கள் பதித்தது நான்கு மில்லிமீட்டர் வட்டங்களை. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து முடி கற்றையாக முளைக்கும், சுற்றிலும் வெறும் தோல். பொம்மைத் தலையில் முடி தைத்த மாதிரி இருக்கும். 1972இல் அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் இதைச் செய்துகொண்டு, மறைக்காமல், கட்டோடு சபைக்கு வந்தார். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. முடி தலையில் ஒன்று முதல் நான்கு வரை சிறு குழுக்களாக முளைக்கிறது என்பதை 1984இல் ஹெடிங்டன் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். டெக்ஸாஸில் லிம்மர், நுண்ணோக்கியின் கீழ் அந்தக் குழுக்களைத் தனித்தனியாகப் பிரித்து நட்டு, 1994இல் முறையாக வெளியிட்டார். தமுராவின் 1943க்கு மேற்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. 2002இல் ராஸ்மனும் பெர்ன்ஸ்டைனும், பிடரியில் தோலைப் பட்டையாக வெட்டாமல் குழுவை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்கும் முறையை எழுதினார்கள். இன்று இஸ்தான்புல் விமானநிலையத்தில் தலையில் கறுப்புப் பட்டையோடு வரிசையில் நிற்கிற ஆண்களின் பிடரியில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதுதான்.

இனி கணக்கு. இதைப் போட்டுக்காட்டத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். என் அக்கா மகனுக்கு 25 வயது. படத்தில் மூன்றாவது தலை. சிகிச்சைக்கூடம் ஒன்றில் 3,000 கிராஃப்ட் என்று சொல்லி, தேதியும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். "பொண்ணு பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முடிச்சுடணும் மாமா" என்றான். அப்புறம் என் தலையைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டான். 28இல். ஐம்பதுக்குள் ஆறாவது தலைக்கு வந்தாயிற்று.

தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி. நல்ல தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எண்பது குழுக்கள் வரை இருக்கும். அதில் பாதி போகிறவரை கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணாடியில் நாம் பார்க்கிற முதல் நாள் உண்மையில் பாதி வழி. நடுகிறவர்களும் இந்தக் கண்ணின் ஏமாளித்தனத்தை நம்பித்தான் நடுகிறார்கள்: நாற்பது வைத்தால் போதும். பிடரியிலிருந்து, அங்கே பள்ளம் தெரியாமல், ஆயுள் முழுக்க எடுக்கக்கூடியது ஏறத்தாழ ஆறாயிரம் குழு. ஏழாவது தலையில் வெறுமை 200 சதுர சென்டிமீட்டரைத் தாண்டும். நாற்பதால் பெருக்கினால் எட்டாயிரம். கஜானாவில் ஆறாயிரம். இந்தக் கலையில் ஒரு முடியும் புதிதாகப் பிறப்பதில்லை. இருப்பதை இடம் மாற்றுவது மட்டும்தான். 25 வயதில் நெற்றியின் இரண்டு ஓரங்களுக்கு 3,000 செலவழித்தவன், 45இல் நடுமண்டை போனபோது மிச்சம் 3,000ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வான்? நட்டது உதிராது, சுற்றியிருந்தது உதிர்ந்திருக்கும். நெற்றியில் ஒரு கல்லூரிப் பையனின் முன்முடி, அதற்குப் பின்னால் பொட்டல். நட்ட முடியின் விசுவாசமே அப்போது அவனுக்கு எதிரி.

ஆக, அவன் எங்கே போய் நிற்பான் என்று தெரிய வேண்டும். ஆண் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. வழுக்கையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது 2001லிருந்து தெரிந்தது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். தாய்மாமன் தலையைப் பார் என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பாதிதான். எனக்கு வந்தது என் அம்மாவின் எக்ஸ். அக்காவுக்கு அம்மாவுடையது ஒன்று, அப்பாவுடையது ஒன்று. மகனுக்கு இரண்டில் எதுவும் போயிருக்கலாம், இரண்டும் கலந்தும் போயிருக்கலாம். அப்பா எண்பதிலும் வெள்ளை முடியைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தவர். தவிர, 2017இல் பிரிட்டனில் 52,000 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில் வழுக்கையோடு சம்பந்தப்பட்ட 287 மரபணு இடங்கள் அகப்பட்டன. தாய்மாமன் ஒரு இடம், மற்றவை எங்கெங்கோ.

நான் அவனிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடியில் என்ன இருக்கிறது என்ற உபதேசம் வழுக்கையனிடமிருந்து வந்தால் மதிப்பில்லை. முடியுள்ளவனிடமிருந்து வந்தால் அசிங்கம். ரஜினிகாந்த் திரைக்கு வெளியே உள்ளது உள்ளபடி வருகிறாரே என்கிறார்கள். அவருக்குத் திரை இருக்கிறது. திரைக்குள் எல்லா முடியும் இருக்கிறது. 25 வயதுக்காரன் பெண் வீட்டார் எதிரில் காபி டம்ளரோடு உட்காரும்போது அப்படி ஒன்றும் இல்லை. அவன் துக்கம் நிஜம். பெண்களுக்கு நேர்வது இன்னும் மோசம். அவர்களுக்கு நெற்றிக்கோடு நின்று, வகிடு அகன்று அகன்று உச்சி மெலிகிறது. அதற்கு 1977இல் லுட்விக் வரைந்த படத்தை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. என் தலைமுறையில் எனக்கும் ஆசை இருந்தது. அன்று கிடைத்தது பொம்மைத் தலை, அதனால் ஆசை தானாக அடங்கிற்று.

சொன்னது இரண்டு. முதலில், 2016இல் சென்னையில் முடி நட்டுக்கொள்ளப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனதை. இதை டாக்டர்களே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிமுறை வெளியிடும்படி இருந்தது நிலைமை. தேதி குறித்துக் கொடுத்தவர்கள் யார், கத்தி பிடிப்பது யார், மயக்கமருந்து கொடுப்பது யார் என்று கேட்கச் சொன்னேன். இரண்டாவது, நடுவதற்கு முன்னால் நிறுத்தப் பார்ப்பதை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மினாக்ஸிடில் உடம்பெல்லாம் முடி முளைக்க வைத்ததைப் பார்த்து அதைத் தலைக்கு மருந்தாக்கி 1988இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மற்றது ஃபினாஸ்டரைட். அதற்குப் பின்னால் டொமினிகன் குடியரசின் ஒரு கிராமம் இருக்கிறது. பிறந்தபோது பெண் என்று வளர்க்கப்பட்டுப் பருவத்தில் ஆணாக மாறிய பிள்ளைகள் அங்கே இருப்பதை 1974இல் இம்பெராட்டோ-மெக்கின்லி எழுதினார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் உண்டு. அதை இன்னும் வீரியமான வேறொன்றாக மாற்றும் என்ஸைம் குறைவு. நெற்றி பின்வாங்குவதில்லை. அந்த என்ஸைமைத் தடுக்கும் மாத்திரை 1997இல் வழுக்கைக்கு வந்தது. சாப்பிடுகிறவரை காக்கும், நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் காத்ததெல்லாம் போகும். சிறு விகிதத்தினருக்கு இச்சை குறைகிறது. ஹிப்பாக்ரட்டீஸின் சூத்திரம், கத்தியில்லாமல், சின்ன அளவில். அதைக் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

குறித்த தேதியை விட்டுவிட்டு வேறொரு டாக்டரிடம் போனான். அவர் ஒரு வருஷம் மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் புகைப்படம், பிறகு பார்க்கலாம் என்றாராம். வீட்டுப் பெரியவர்களின் படங்களையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், தாய் வழியில் எவ்வளவு தூரம் கிடைக்குமோ அவ்வளவு தூரம். என் படம், அப்பா படம் சுலபம். அம்மாவின் அப்பாவுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, நாற்பது வயது வாக்கில் எடுத்தது. மேல்துண்டு, கடுக்கன், பின்னால் குடுமி. முன்தலை பளபளவென்றிருக்கிறது. அவன் அதைப் போனில் படமெடுத்து விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். மழித்ததா விழுந்ததா என்று தெரியவில்லை.